தோட்டத்துப் பன்றிக்கு அப்பாவுக்கு எந்தத் துப்பாக்கி?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பகாவ் பக்கம் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) கன்று நட்டவருக்குக் காட்டுப் பன்றியைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். இரவோடு இரவாகக் கன்றைப் பெயர்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். சரி, அப்பாவுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுப்போம் என்று மகன் கடைக்குக் கிளம்பினால் வேலை ஆகாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ, துப்பாக்கி அவர் பொறுப்பில்தான். போலீஸில் விண்ணப்பிக்க வேண்டியவர் அப்பா. பன்றி சுடுவதற்கு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) லைசென்ஸ் தனி. அண்ணன் லைசென்ஸில் தம்பி, தன் பெயரில் அனுமதி இல்லாமல், தூக்கிக்கொண்டு போவது குற்றம், அதில் உறவுமுறை எடுபடாது. தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் நீங்கள் துணைக்குப் போகலாம்.

ரைஃபிள் ஆசை சிலருக்கு உண்டு. தோட்டத்துக்கு அது ஒத்துவராது. ரைஃபிள் குண்டு தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். நம் மரவரிசைக்குப் பின்னால் லயமோ (தொழிலாளர் குடியிருப்பு) கம்பமோ (கிராமம்) இருக்கும். தோட்டங்களில் பழக்கம் செனாப்பாங் பாத்தா, அதாவது குழலை மடக்கித் தோட்டா போடும் ஷாட்கன். செம்பனை முக்கோண நடவில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். மூன்று மரம் தள்ளி நிற்கும் பன்றி 27 மீட்டரில் இருக்கிறது. அதற்கு அப்பால் பெரும்பாலும் மட்டை மறைக்கும். ஆகவே 30 மீட்டருக்குள் நேராக அடிக்கும் துப்பாக்கி போதும்.

12 போர் எடுங்கள். போர் என்பது குழல் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது. பன்றிக்கான எஸ்.ஜி. தோட்டா, அதாவது பெரிய ரவை (சிறு உருண்டைக் குண்டுகள்) போட்ட தோட்டா, அந்த அளவில்தான் சுலபமாகக் கிடைக்கும். 20 போர் லேசானது, உதையும் குறைவு. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு அளவுத் தோட்டாவும் இருக்கக் கூடாது. 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் குழலில் போட்டால் வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒன்றுமில்லை என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அந்த ஆபத்துக்காகத்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம். குழலில் 70 என்று பொறித்திருந்தால் 76 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடாதீர்கள். மூடும்போது சரியாகத்தான் மூடும். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

ஒற்றைக் குழல் விலை குறைவு, எடையும் குறைவு. அந்தக் குறைந்த எடையே தோளில் உதையாகத் திரும்பி வரும். அறுபது வயதுக்காரருக்கு 3 கிலோவுக்கு மேல் உள்ள இரட்டைக் குழல் மேல் என்பது எங்கள் எண்ணம். உதைக்குப் பயந்தவர் விசையை வெட்டி இழுப்பார், குறி அங்கேயே போய்விடும். குழல் வாயின் இறுக்கத்தைச் சோக் என்பார்கள்: 12 போரில் முழுச் சோக் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அரைச் சோக் 0.5. இறுக்கம் கூடினால் நல்லது என்று கடையில் சொல்வார்கள். சின்ன ரவைக்கு அது உண்மை. எஸ்.ஜி. போன்ற பெரிய ரவை இறுக்கத்தில் நசுங்கிக் கோணலாகப் பறக்கும்; அரைச் சோக் பல சமயம் அதைவிட ஒழுங்காக அடிக்கும்.

பிராண்டைவிட முக்கியம் உடம்புக்குப் பொருத்தம். ஷாட்கன்னில் குறிபார்க்க உதவும் பின்குறி கிடையாது, சுடுபவரின் கண்தான் பின்குறி. தோளில் வைக்கும் கட்டை தொழிற்சாலையிலிருந்து வரும்போது விசையிலிருந்து அடிவரை பெரும்பாலும் 36, 37 சென்டிமீட்டர் இருக்கும். வெள்ளைக்காரன் கைநீளத்துக்கு வைத்த அளவு அது. ஐந்தடி நாலங்குலக்காரருக்கு 34 ஒட்டித்தான் சரிவரும். கடையில் திறந்து காலி என்று பார்த்துக்கொண்டு, அப்பாவைக் கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்குப் போடும் அதே சட்டையோடு. கன்னம் கட்டையில் படிந்த பிறகு கண்ணைத் திறக்கட்டும். முன்மணி, அதாவது குழல் நுனியில் உள்ள சின்னக் குறிமணி, குழல் நடுவில் தெரிந்தால் பொருத்தம். குழலின் முதுகு நீளமாக மேடு போலத் தெரிந்தால் கண் அதிக உயரத்தில் இருக்கிறது, அடி மேலே போகும். மணியே தெரியாமல் குழலின் பின்பக்கம் மறைத்தால் கண் தாழ்ந்திருக்கிறது, அடி கீழே. மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு விரல் இடம் வேண்டும். இல்லையென்றால் உதையில் மூக்கு உடையும். நீளக் கட்டையை அறுத்துக் குறைக்கலாம், ரப்பர் அடியும் போட்டுக்கொள்ளலாம். குட்டைக் கட்டையை நீட்டுவது சிரமம். வலது கைக்காரருக்கு இடது கண் ஓங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்: இரு கண்ணும் திறந்து தூரத்துப் பொருளை விரலால் காட்டி, இடது கண்ணை மூட வேண்டும். விரல் பொருளை விட்டு நகர்ந்தால் ஓங்கிய கண் இடதுதான். அவர் சுடும்போது இடது கண்ணை மூடியே ஆக வேண்டும்.

அடுத்து இரும்பு. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை இடவலமாக ஆட்டுங்கள், ஆட்டம் கூடாது. குழல் வழியாக டியூப்லைட்டைப் பார்த்தால் உள்ளே ஒளி வளையம் வளையமாகத் தெரியும். வளையம் எங்காவது நெளிந்திருந்தால் அங்கே நசுங்கல். விசையைப் பொய்த் தோட்டா போட்டு இழுத்துப் பாருங்கள், 2 கிலோ ஒட்டி இருந்தால் நல்லது. உள்ளே குரோம் பூசிய குழலாக எடுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அதுதான் தாங்கும்.

பிறகு அனுமதி பெற்ற சுடுதளத்தில் தாள் சோதனை. இதை விட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போகிறவர்களே அதிகம். 1.2 மீட்டர் சதுரத் தாள், நடுவில் கையளவு கறுப்புப் புள்ளி, 25 மீட்டர் தூரம். ஒரு பிராண்டுக்கு மூன்று தோட்டா, ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள். எஸ்.ஜி. தோட்டாவில் பெரும்பாலும் 9 ரவை. ரவை கூடி விழுந்த இடத்தைச் சுற்றி 30 சென்டிமீட்டர் வட்டம் போட்டு எண்ணுங்கள். மூன்று தாளிலும் ஆறுக்குக் குறையாமல் இருந்தால் அந்தத் தோட்டாவையே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் முதலில் பிராண்டை மாற்றுங்கள், துப்பாக்கியை அல்ல. ஒரே குழலில் தோட்டாவுக்குத் தோட்டா வித்தியாசம் வியக்கும்படி இருக்கும். கூட்டம் அடர்த்தியாக இருந்தும் புள்ளியிலிருந்து ஒரு சாண் விலகினால், மூட்டையில் சாய்த்து அசையாமல் வைத்து மறுபடி சுடச் சொல்லுங்கள். அப்போது நேராக விழுந்தால் கட்டை பொருந்தவில்லை. அப்போதும் விலகினால் கோளாறு குழலில், கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். இரட்டைக் குழலில் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மலிவான துப்பாக்கிகளில் ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் அடிக்கும்.

அதே தோட்டாவை 35 மீட்டரிலும் ஒன்று சுட்டு, வட்டத்துக்குள் எத்தனை மிஞ்சுகிறது என்று அப்பாவிடமே எண்ணச் சொல்லுங்கள். நாலாவது மரத்தடியில் நிற்கும் பன்றியைச் சுடலாமா, விடலாமா என்பது அந்தத் தாளிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.