வீட்டிலேயே நில அதிர்வுமானி: இடம் மாறாமல் நிற்கும் ஊசல் அமைப்பது எப்படி?

தொலைதூர நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் ஒரு சுற்று அசைய ஏறக்குறைய 20 விநாடி எடுத்துக்கொள்ளும். அவ்வளவு மெதுவான அசைவைப் பிடிக்க, ஊசலும் மெதுவாக ஆட வேண்டும். 1 மீட்டர் நூலில் தொங்கும் ஊசல் 2 விநாடியில் போய் வந்துவிடும். 20 விநாடி வேண்டுமென்றால் 100 மீட்டர் நூல்! அதனால்தான் ஆர்வலர்கள் லேமன் வகையை, அதாவது எடை தாங்கிய தண்டு கிடையாக ஆடும் ஊசலை, செய்கிறார்கள். தூண் லேசாகச் சாய்ந்துவிட்ட கேட்டைத் தள்ளிவிட்டால் மெல்ல ஆடித் தன் இடத்துக்கே வருமே, அதே தத்துவம்தான். சாய்வு குறையக் குறைய ஆட்டம் மெதுவாகும்.

முதலில் அடித்தளம். கனமான தட்டு, அதன் ஒரு முனையில் உறுதியான தூண். தூண் பக்கம் இரண்டு கால், எதிர்முனையில் ஒன்று. மூன்றுமே எம்6 (6 மி.மீ.) போல்ட்டாக இருக்கட்டும். நான்கு கால் வேண்டாம், ஒன்று எப்போதும் தரையில் சரியாக உட்காராது. தரைத்தளத்தில், கான்கிரீட் தரைமேல் நேரடியாக வையுங்கள்.

அடுத்து தண்டு. அலுமினியம் அல்லது பித்தளை போதும். பின்முனையில் ஒரு எஃகு குண்டைப் பொருத்தி, தூணில் ஒட்டிய வழவழப்பான எஃகுத் தகட்டில் முட்டவிடுங்கள். அங்கிருந்து 60 செ.மீ. தூரத்தில் 2 முதல் 4 கிலோ ஈயமோ பித்தளையோ மாட்டி, தூணின் உச்சியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியால் தாங்குங்கள். எடைக்கு இரும்பு கூடாது. பக்கத்தில் வரப்போகும் காந்தம் அதை இழுத்துவிடும்.

இனி தூணின் சாய்வு. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். இந்த நீளத்துக்கு ஒரு ஆட்டம் 10 விநாடி எடுக்க வேண்டுமென்றால் சாய்வு சுமார் 1.4 டிகிரி, 15 விநாடிக்கு 0.6 டிகிரி. முன்கால் போல்ட்டை உயர்த்தினால் ஆட்டம் மெதுவாகும். பின்கால்களில் ஒன்றைத் திருகினால் தண்டு இடம் வலமாக நகரும். முதல் நாளே 20 விநாடிக்குப் போக நினைக்காதீர்கள். 15 விநாடி அமைப்பிலேயே, 40 செ.மீ. இடைவெளியுள்ள பின்கால்களில் ஒன்றின் அடியில் ஒரு தாளைச் (0.1 மி.மீ.) செருகினால் எடை கிட்டத்தட்ட 14 மி.மீ. ஒதுங்கிவிடும். வெயில் ஏறித் தரை லேசாக விரிந்தாலும் இதே கதைதான். 10 விநாடியில் வைத்து ஒரு வாரம் விடுங்கள். தண்டு நடுவிலேயே நின்றால், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

தணிப்பு, அதாவது ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு, இல்லாவிட்டால் ஒரு சின்ன அதிர்வுக்கே ஊசல் வெகுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். தண்டின் முனையில் 2 மி.மீ. செப்புத் தகடு, அதன் இரு பக்கமும் அடித்தளத்தில் நிறுத்திய நியோடிமியம் காந்தங்கள். தண்டை விரலால் தள்ளிவிட்டுப் பாருங்கள்: நடுவைச் சற்றே தாண்டி, திரும்பி வந்து நின்றால் சரி. பலமுறை ஆடினால் காந்தங்களை நெருக்குங்கள்.

சிக்னலுக்கு, மெல்லிய எனாமல் கம்பியில் சில ஆயிரம் சுற்றுள்ள காயிலைத் தண்டில் பொருத்தி, இன்னொரு ஜோடிக் காந்தத்துக்கு இடையே விடுங்கள். காயிலின் வயர் தண்டோடு ஒட்டியே வந்து, குண்டின் அருகே தளர்வாக இறங்கட்டும். அதன்பின் ஆம்ப்ளிஃபையர், சிக்னலை எண்களாக மாற்றும் 16 பிட் ஏடிசி, அதைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. இந்தப் பகுதி எளிது.

கடைசியாக மூடி. காற்று புகாத பெட்டி, உள்ளே தெர்மாகோல். சிலந்தி நுழையும் ஓட்டையைக்கூட அடைத்துவிடுங்கள். ஒரு நூலாம்படை போதும், பதிவு கெட்டுவிடும்.

இரவில் பதிவைப் பாருங்கள். 4 முதல் 8 விநாடி இடைவெளியில் ஓயாத சிற்றலை தெரிந்தால் கருவி வேலை செய்கிறது என்று பொருள்: அது கடல் அலைகள் நிலத்தில் எழுப்பும் அதிர்வு. சில நூறு கிலோமீட்டருக்குள் நிலநடுக்கம் வந்தால், முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் இடையிலான விநாடிகளை 8 ஆல் பெருக்குங்கள். அதுதான் கிலோமீட்டரில் தோராயமான தூரம்.