2^அ = 5அ: லாக் எடுத்தும் மசியாத சமன்பாட்டை என்ன செய்வது?

2^அ = 7 என்றால் இரண்டு பக்கமும் லாக் (மடக்கை) எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் 2^அ = 5அ என்று வந்து, தெரியாத எண் அடுக்கிலும் இருந்து கீழேயும் இருந்தால், எத்தனை முறை லாக் எடுத்தாலும் அது ஒரு பக்கத்தில் வெளியே வந்து இன்னொரு பக்கத்தில் லாக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இதோடு மல்லுக்கட்டாதீர்கள். எண்ணை நெருங்கிப் பிடிப்பதுதான் வழி.

முதலில் தீர்வுகள் எத்தனை, எங்கே என்று பாருங்கள். 2^அ − 5அ என்பதில் 0, 1, 4, 5 போட்டால் 1, −3, −4, 7 வரும். குறி இரண்டு இடத்தில் மாறுகிறது, ஆகவே 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு தீர்வு, 4-க்கும் 5-க்கும் நடுவில் இன்னொன்று. 5அ என்ற நேர்கோடு 2^அ என்ற வளைவரையை இரண்டு இடங்களுக்கு மேல் வெட்டாது என்பதால் மூன்றாவதைத் தேட வேண்டாம். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஒரு தீர்வோடு எழுந்துவிடுகிறார்கள்.

சரி, கால்குலேட்டரை எடுங்கள். சமன்பாட்டை அ = 2^அ ÷ 5 என்று மாற்றி, 0-வில் தொடங்கி, வந்த விடையையே திரும்பத் திரும்ப உள்ளே போடுங்கள்: 0.2, 0.2297, 0.2345, 0.2353... அது 0.2355-இல் போய் நிற்கும். இதே வடிவத்தை 4.5-இல் தொடங்கினால் எண் எகிறிக்கொண்டே போகும், பெரிய தீர்வு சிக்கவே சிக்காது, ஏனென்றால் அங்கே வலப்பக்கத்தின் சரிவு 1-ஐவிட அதிகம் (சுமார் 3.1), ஒவ்வொரு சுற்றிலும் பிழை மும்மடங்காகிறது. அதற்குத் திருப்பிப் போடுங்கள்: அ = லாக்(5அ) ÷ லாக் 2. 4-இல் தொடங்கினால் 4.322, 4.434, 4.470, 4.482 என்று ஊர்ந்து 4.488-க்கு வரும்.

ஊர்வதற்குப் பொறுமை இல்லையா? நியூட்டன் முறை. 2^அ − 5அ-வின் மதிப்பை அதன் வகைக்கெழுவால் (அந்த இடத்துச் சரிவால்) வகுத்து, வந்ததைக் கையிலிருக்கும் அ-விலிருந்து கழிக்க வேண்டும், அவ்வளவுதான். 4.5-இல் மதிப்பு 0.127, வகைக்கெழு 10.68, ஒரே அடியில் 4.488 வந்துவிடுகிறது! நான் பெரும்பாலும் இதைத்தான் போடுவேன்.

லாம்பர்ட் டபிள்யூ சார்பு என்று ஒன்று உண்டு (ஓர் எண்ணை e-இன் அந்த எண் அடுக்கால் பெருக்கி வந்த விடையிலிருந்து அந்த எண்ணைத் திருப்பித் தருவது), அதையும் இயல் மடக்கையையும் (e-ஐ அடிமானமாகக் கொண்ட லாக்) வைத்து அ = −டபிள்யூ(−இயல் மடக்கை 2 ÷ 5) ÷ இயல் மடக்கை 2 என்று ஒரே வரியில் எழுதலாம்; அதன் இரண்டு கிளைகள் நம் இரண்டு தீர்வுகளையும் தரும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எண் வேண்டுமென்றால் அந்தச் சார்பையும் கணினி நியூட்டன் மாதிரி ஒரு முறையில்தான் கணக்கிட வேண்டும். அப்புறம் 2^அ + 3^அ = 10 மாதிரி வந்தால் டபிள்யூவும் உதவாது. இடப்பக்கம் ஏறிக்கொண்டே போவதால் தீர்வு ஒன்றுதான், 1.7-இல் தொடங்கி நியூட்டனை இரண்டு அடி ஓட்டிப் பாருங்கள், 1.729 வர வேண்டும்.