இலங்கைக் கிராம்பு எவ்வளவு வருகிறது? வீட்டிலிருந்தே பார்க்கும் வழி

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாறாமலை, கரும்பாறைப் பக்கம் கிராம்புப் பறிப்பு நடக்கிற அதே மாதங்களில்தான் இலங்கையில் கண்டி, மாத்தளைப் பக்கமும் பறிப்பு. அதனால் ஒவ்வொரு சீசனிலும் மலஞ்சரக்குக் கடைகளில் (மிளகு, கிராம்பு போன்ற மலை விளைபொருள் வாங்கும் கடைகள்) ஒரே பேச்சு: "சிலோன் சரக்கு இறங்கியாச்சு, இனி விலை ஏறாது." நம் மாவட்டக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் பேச்சு மாறவில்லை. இது எவ்வளவு உண்மை என்று வியாபாரியிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இறக்குமதிக் கணக்கை அரசே இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. எடுக்கத் தெரிந்தால் போதும்.

பின்னணி சுருக்கமாக: இந்தியா–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இலங்கையில் விளைந்தது என்ற பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால் பல பொருள்களுக்கு வரிச்சலுகை உண்டு. சிலவற்றுக்கு ஆண்டு வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்லமிளகுக்கு 2,500 டன், தேயிலைக்கு 1.5 கோடி கிலோ. வரம்பு தாண்டினால் வாசல் அடைபட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு மேல் வரும் மிளகு தெற்காசிய (சார்க்) நாடுகளின் சாப்டா வணிக ஒப்பந்தத்தில் 8 சதவீத வரியோடு வரலாம்.

படி 1: தளத்தைத் திறப்பது

மத்திய வணிக அமைச்சகத்தின் டிரேட்ஸ்டாட் தளத்துக்குப் போங்கள். ஏற்றுமதி–இறக்குமதித் தரவு வங்கி அங்கே இருக்கிறது. போனில் பார்க்காதீர்கள், அட்டவணை பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். கம்ப்யூட்டரில் எடுத்து, இலவச விரிதாளான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒட்டிக்கொள்வது என் வழக்கம். எக்செல் இருந்தால் அதுவும் சரிதான், இதற்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

படி 2: எச்.எஸ். எண்

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. கிராம்புக்கு 0907. இந்த முதல் நான்கு இலக்கத்தோடு நின்றால் முழுக் கிராம்பு, பொடி, காம்பு எல்லாம் ஒரே கணக்கில் விழும். ஆறு இலக்கத்தில் 0907 10 என்பது பொடிக்காதது, 0907 20 பொடித்தது. எட்டு இலக்கத்துக்குப் போனால் இன்னும் பிரியும். 0907 10 10 எண்ணெய் எடுத்த கிராம்பு, 0907 10 20 எண்ணெய் எடுக்காதது, 0907 10 30 வெறும் காம்பு. நம் தோட்டச் சரக்கோடு ஒப்பிட வேண்டியது 0907 10 20. எண்ணெய் எடுத்த சக்கையையும் காம்பையும் சேர்த்துக் கூட்டிவிட்டு "இவ்வளவு கிராம்பு வந்திருக்கிறதே" என்று பதறக் கூடாது.

இன்னொரு சிக்கல். 10, 20 என்ற இந்தப் பிரிவு 2012இல்தான் வந்தது. அதற்கு முன் 0907 00 என்றே எண் தொடங்கும். புதிய எண்ணைப் போட்டு 2005ஆம் ஆண்டைத் தேடினால் ஒன்றும் வராது. "அப்போது இறக்குமதியே இல்லை" என்று பேசுகிறவர்கள் பலர் இந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்தவர்கள்தான். பழைய ஆண்டுகளுக்குப் பழைய எண், புதிய ஆண்டுகளுக்குப் புதிய எண் என்று இரண்டு முறை எடுத்து ஒட்டுங்கள்.

படி 3: நாடு

பட்டியலில் இலங்கை "ஸ்ரீலங்கா டி.எஸ்.ஆர்." என்று இருக்கும்.

படி 4: அளவும் மதிப்பும்

இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். மதிப்புக்கு டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் எடுத்தால் 2000ஐயும் இன்றையும் ஒப்பிட முடியாது, நாணய மதிப்பு இறங்கியதும் விலையேற்றம் போலவே தெரியும். மதிப்பு மில்லியன் டாலரிலும் அளவு ஆயிரம் கிலோவிலும் இருந்தால், மதிப்பை அளவால் வகுத்து 1,000ஆல் பெருக்குங்கள். கிலோவுக்கு இத்தனை டாலர் என்று வந்துவிடும். கற்பனைக்கு, மதிப்பு 8, அளவு 1,000 என்றால் கிலோ 8 டாலர். இது நம் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை. சுங்க வரி இதில் இல்லை. நாகர்கோவில் விலையோடு நேராக ஒப்பிடுவதற்கு முன் இதை ஞாபகம் வையுங்கள்.

படி 5: இலங்கையோடு நிற்காதீர்கள்

நாடு எதையும் தேர்ந்தெடுக்காமல், பொருளுக்கு எதிரே எல்லா நாடுகளும் வருகிற பட்டியலை எடுங்கள். மடகாஸ்கர், இந்தோனேசியா, தான்சானியா, கொமொரோஸ் எல்லாம் வரிசையில் வரும். கொமொரோஸும் ஒரு குட்டித் தீவு நாடுதான், கிராம்பு அதன் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று. இலங்கையின் பங்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வோர் ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள். விலை விழுந்த ஆண்டும் இலங்கைப் பங்கு ஏறிய ஆண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் கடைப் பேச்சுக்குக் கொஞ்சமாவது ஆதாரம் உண்டு. ஒன்றாக இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டியதுதான்.

பின்சேர்க்கை 1: இலங்கைச் சுங்கத்தின் ஏற்றுமதிக் கணக்கும் நம் இறக்குமதிக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஒத்துப்போகாது. அவர்களுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, நமக்கு ஏப்ரலில். அதோடு அவர்கள் கணக்கு கப்பல் கூலி சேராத விலை. மாதவாரித் தரவை எடுத்து ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால் ஓரளவு நெருங்கி வரும்.

பின்சேர்க்கை 2: நல்லமிளகுக்கும் இதே முறைதான் (0904 11). ஆனால் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் படி 4இன் விலையை நம்பாதீர்கள். 500க்குக் கீழே எழுதினால் சரக்கு உள்ளே வராது என்னும்போது, தாளில் இருக்கும் விலை சந்தை விலையைச் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. அளவை மட்டும் பாருங்கள். பாக்குக்கும் (0802 80) இதே எச்சரிக்கை, அதன் குறைந்தபட்ச விலை 2023 பிப்ரவரியில் 251இலிருந்து 351 ரூபாய்க்கு ஏறியது.