இரண்டு சூப்பர்ஹீரோ உலகங்களை ஒன்றாக்குவது எப்படி?

சொந்தமாக காமிக்ஸ் எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் இந்த ஆசை வரும்: தனித்தனியாக எழுதிய இரண்டு உலகங்களைச் சேர்த்துவிட்டால் என்ன? சேர்க்கலாம். சூப்பர்மேன் காமிக்ஸை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டிசி, 1985-86இல் 12 இதழ்களில் அதைச் செய்தது. மார்வ் வுல்ஃப்மேன் எழுதி, ஜார்ஜ் பெரெஸ் வரைந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்'. கதை பிரமாதம். தலைவலி அது முடிந்த பிறகுதான் தொடங்கியது. அந்தத் தலைவலியை வைத்தே பழகுவோம்.

படி 1. ஏன் இரண்டு உலகம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டிசியில் 1940இல் வந்த ஃப்ளாஷ் என்ற அதிவேக ஓட்டக்கார நாயகன், ஜே கேரிக். 1956இல் அதே பெயரில் பேரி ஆலன். 1961இல் இருவரையும் ஒரே கதையில் சந்திக்க வைத்தபோது, பழையவர் வேறொரு பூமிக்காரர் என்றார்கள். அப்புறம் பூமிகள் பெருகின.

படி 2. இரட்டையர்களைப் பிரித்துப் பாருங்கள். பெயர் மட்டும் ஒன்று, ஆள் வேறு என்றால் கவலையில்லை. ஜே மூத்தவர், பேரி இளையவர் என்று ஒரே பூமியில் வைத்துவிடலாம். ஒரே ஆள் இரண்டு தடவை இருந்தால் ஒருவர் போகத்தான் வேண்டும். நரை விழுந்த பழைய சூப்பர்மேனை அப்படித்தான் வழியனுப்பினார்கள்.

படி 3. யார் கதை யாரை நம்பி நிற்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். புதியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். நானும் விட்டிருக்கிறேன். நாயகர்களை எல்லோரும் கவனிப்பார்கள், அவர்களின் சொந்தக்காரர்களை மறந்துவிடுவார்கள். பவர் கேர்ள் என்ற நாயகி, அந்தப் பழைய சூப்பர்மேனின் சித்தப்பா மகள். அவர் போனதும் இவருக்கு வேர் இல்லை. அட்லாண்டிஸ் மந்திரவாதி ஒருவரின் பேத்தி என்று மாற்றிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. வொண்டர் வுமனின் இளைய துணை நாயகி டானா டிராய் கதை இன்னும் வேடிக்கை. குழந்தையாக இருந்த அவரைத் தீயிலிருந்து காப்பாற்றியவர் வொண்டர் வுமன். 1987இல் வொண்டர் வுமனைப் புதிதாகத் தொடங்கி, இப்போதுதான் வெளியுலகுக்கு வருகிறார் என்றார்கள். அப்படியானால் டானாவைக் காப்பாற்றியது யார்? புது வொண்டர் வுமனை உருவாக்கியவர்களில் பெரெஸும் ஒருவர். வுல்ஃப்மேனோடு உட்கார்ந்து டானாவுக்குப் புதுப் பூர்வகதை எழுதியதும் அவரேதான்!

படி 4. ஒரே தேதியில் கத்தரி போடுங்கள். டிசி இதில் சறுக்கியது. சூப்பர்மேன் 1986இல் புதிதாகத் தொடங்கினார். சிறகு கட்டிப் பறக்கும் ஹாக்மேனுக்கு 1989இல்தான் முறை வந்தது. 1990இல் தொடங்கிய மாதத் தொடரில் அவர் பூமிக்குப் புதியவர் ஆகிவிட்டார். சரி, அத்தனை வருடம் ஜஸ்டிஸ் லீக் என்ற நாயகர் அணியில் சிறகடித்தவர் யார்? அதற்குப் பதில் சொல்லவே தனிக் கதைகள் தேவைப்பட்டன. ஆகவே எல்லாத் தொடரையும் ஒரே மாதத்தில் மாற்றுங்கள், இல்லையேல் தொடவே வேண்டாம்.

படி 5. சோதனை. முக்கியமில்லாத ஒரு துணைப் பாத்திரத்தை எடுத்து, அவர் வாழ்க்கையை வருடவாரியாகப் பத்து வரியில் எழுதுங்கள். மூன்று தடவைக்கு மேல் ரப்பரைத் தேட வேண்டியிருந்தால், அந்த ஆளைப் பேசாமல் பழைய பூமியிலேயே விட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, டிசியே 2007இல் 52 பூமிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.