லேப்டாப் ஃபேன் ஓயாமல் இரைகிறதா? ஸ்க்ரூடிரைவரை அப்புறம் எடுக்கலாம்

லேப்டாப் ஃபேன் எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்தால் நம் சந்தேகம் முதலில் ஃபேன் மேல்தான் விழும். ஆனால் ஃபேன் தன் இஷ்டத்துக்கு வேகம் எடுப்பதில்லை. உள்ளே ஏறும் சூட்டுக்கு ஏற்ப மதர்போர்டு சொல்கிற வேகத்தில் அது சுற்றுகிறது. எனவே இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வந்த சூடு ஏன் வெளியே போகவில்லை என்பது அதற்கு அடுத்துதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, எடுத்த எடுப்பில் மூடியைக் கழற்றுவதுதான் முதல் தவறு.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எந்த ப்ரோக்ராம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர். திறந்த மறுநொடியே சிபியு (லேப்டாப்பின் மூளையான பிராசஸர்) எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டாஸ்க் மேனேஜர் திறப்பதே சில நொடிகளுக்கு சிபியு-வை ஏற்றிவிடும். ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். எதுவும் செய்யாதபோதும் சிபியு 30, 40 சதவீதத்தில் நின்றால், ஏதோ ஒன்று பின்னணியில் வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் பிரவுசர் டேப், ஆன்டிவைரஸ் ஸ்கேன், அல்லது அப்டேட். பெரிய அப்டேட் வந்த கையோடு ஃபேன் கத்தினால் சார்ஜரைச் செருகி ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிடுங்கள், பல நேரம் தானே அடங்கும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுகிறவர்கள் உண்டு. 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 சதவீதம் என்று காட்டுவதைக் கண்டு பதறுகிறார்கள். அது சிபியு சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. அந்த எண் அதிகமாக இருந்தால் நல்லதுதான். மேக்கில் 'கெர்னல் டாஸ்க்' ஏறியிருந்தால் அதை வில்லனாக்குகிறார்கள். சூடு கூடும்போது மற்ற ப்ரோக்ராம்களுக்கு சிபியு எளிதில் கிடைக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று.

வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் பூஸ்டர், கிளீனர் மென்பொருள்கள் வேண்டாம். ஏற்கெனவே மூச்சு வாங்கும் மெஷினில் பின்னணியில் ஓட இன்னொன்றைச் சேர்த்ததுதான் மிச்சம். இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருப்பதும் அப்படியே. ஃபேன் கண்ட்ரோல் மென்பொருளால் வேகத்தைக் குறைத்துச் சத்தத்தை அடக்குவது இன்னும் மோசம்: சூடு உள்ளேயே தங்கும், 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், மெஷின் இழுக்க ஆரம்பிக்கும். சத்தம்தான் தொல்லை என்றால் பவர் மோடைச் சிக்கனத்துக்கு மாற்றுங்கள், சூடே குறையும்.

சிபியு 5 சதவீதத்தில் தூங்குகிறது, கிராபிக்ஸுக்கும் வேலையில்லை, ஃபேன் மட்டும் அலறுகிறது என்றால்தான் காற்றுப் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். மெத்தை, தலையணை மேல் வைப்பதை முதலில் நிறுத்துங்கள். பல மாடல்கள் காற்றை அடிப்பக்கத்திலிருந்துதான் இழுக்கின்றன.

தூசு சமாச்சாரத்தில்தான் ஆளுக்கொரு வித்தை. பழைய லேப்டாப்பைத் திறந்தால் ஃபேன் இறக்கைகளில் இருக்கும் தூசு கண்ணில் படும், அதைத் துடைத்துவிட்டு மூடிவிடுவார்கள். அசல் அடைப்பு அங்கே இல்லை. ஃபேனுக்கும், சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாகப் படிந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் பலன் இல்லை. வெளியிலிருந்து துவாரத்துக்குள் காற்றடித்தால் அது உடைந்து மறுபடி ஃபேனுக்குள்ளேயே போய் விழும். காற்றடிக்கும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அளவு மீறிச் சுற்றி, ஃபேனின் அச்சைத் தாங்கும் பேரிங் கெடும். வாக்குவம் கிளீனரின் முனையில் நிலைமின்சாரம் உண்டாகும், அது போர்டுக்கு ஆகாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். எதைத் தொடுவதற்கு முன்பும் மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

சூட்டைக் கடத்த சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான். தெர்மல் பேட் (அதே வேலைக்கான மெத்தென்ற தடித்த பட்டை) இருந்த இடத்தில் பேஸ்ட்டைத் தடவாதீர்கள்: பேட் நிரப்பிய இடைவெளியை பேஸ்ட் நிரப்பாது, அந்தச் சிப் முன்னைவிடச் சூடாகும். அதிகம் குளிர்விக்கும் என்று பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) வாங்குகிறவர்கள் ஹீட்சிங் அலுமினியமா என்று பார்க்கட்டும். அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

கடைசியாக, சத்தத்தின் தன்மை. 'உஷ்' என்ற காற்றுச் சத்தம் சூட்டின் அறிகுறி. கரகரப்பு, டிக்டிக் என்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது இறக்கையில் ஏதாவது உரசலாம். கண்ட எண்ணெயை விட்டால் சில நாள் அமைதி, பிறகு தூசு சேர்ந்து பிசினாகிவிடும். ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு அதே ஃபேனை வாங்கி மாற்றிவிடுங்கள். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால், ஒரே மாடலுக்குள்ளேயே கனெக்டர் மாறிப்போவது உண்டு.