பழைய மேக்கில் டாஸ் கார்டு: அடையாளம் காண, ஓட வைக்க

1990களில் ஆப்பிள் நிறுவனமே தன் மேக் (மெக்கின்டாஷ்) கணினிகள் சிலவற்றுக்குள், ஒரு கார்டு வடிவில், ஒரு பிசியைப் பொருத்தி விற்றது. டாஸ் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய இயங்குதளம்), விண்டோஸ் 3.1 எல்லாம் அதில் நேரடியாக ஓடும், ஏனென்றால் கார்டிலேயே தனி பிசி ப்ராசஸர் இருக்கிறது. இன்று இந்தக் கார்டுகள் “ஓடவில்லை” என்ற குறிப்போடு விற்பனைக்கு வரும்போது, நான் முதலில் சந்தேகப்படுவது கார்டை அல்ல, கேபிளை.

படி 1: எந்தக் கார்டு?

1994இல் வந்த, குவாட்ரா 610 என்ற மேக்குக்கான கார்டில் 25 மெகாஹெர்ட்ஸ் 486எஸ்எக்ஸ் ப்ராசஸர். அடுத்து வந்த பவர் மேக் 6100 கார்டில் 66 மெகாஹெர்ட்ஸ் 486டிஎக்ஸ்2, கூடவே சவுண்ட் பிளாஸ்டர் 16 வகை ஒலி. இரண்டும் பிடிஎஸ் ஸ்லாட்டில் (ப்ராசஸரோடு நேரடியாக இணையும் ஸ்லாட்) உட்காருபவை. அந்த ஸ்லாட் மாடலுக்கு மாடல் மாறும், அதனால் எந்த மேக்கிலிருந்து கழற்றியது என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

பிசிஐ என்ற வேறு வகை ஸ்லாட்டுக்கான கார்டு என்றால், அதை அடையாளம் காண ஒரு ஸ்கேல் போதும். ஆப்பிளின் 7 அங்குலக் கார்டு என்றால் சைரிக்ஸ் 5எக்ஸ்86, 12 அங்குலம் என்றால் பென்டியம். ஆரஞ்ச் மைக்ரோ என்ற வேறு நிறுவனத்தின் கார்டுகளுக்கு மென்பொருளே வேறு. இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.

இனி 6100ஐ வைத்தே பார்ப்போம்.

படி 2: பொருத்துதல்

மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஏவி கார்டோ (வீடியோ கார்டு) நூபஸ் அடாப்டரோ (பழைய வகை மேக் கார்டுகளை மாட்டுவது) இருந்தால் கழற்ற வேண்டும், இருப்பது ஒரே ஸ்லாட். கார்டின் மேல் 72 பின் சிம் (நினைவகப் பலகை) ஒன்று போடலாம், அதிகபட்சம் 32 எம்பி. மூடுவதற்கு முன் மதர்போர்டில் உள்ள 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரியையும் பாருங்கள். கசிந்திருந்தால் வேறெதையும் தொடும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

படி 3: கேபிள்

கார்டின் பின்புறம் 26 பின் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும். சாதாரண விஜிஏ கேபிள் அதில் ஏறாது. அதற்கென்றே கிளை பிரிந்த ஒரு கேபிள் உண்டு: ஒரு முனை கார்டுக்கு, ஒரு கிளை மேக்கின் வீடியோவுக்கு, இன்னொன்று மானிட்டருக்கு. மேக்கின் படமும் கார்டு வழியாகவே மானிட்டருக்குப் போகிறது. அப்படித்தான் ஒரே திரையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிகிறது. இந்தக் கேபிளைத் தனியாகத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கேபிளோடு சேர்ந்து வரும் கார்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

படி 4: மென்பொருள்

தேவைப்படுவது பிசி செட்டப் என்ற கண்ட்ரோல் பேனல். பிசி எக்ஸ்சேஞ்ச் வேறு, அது டாஸ் வட்டுகளை மேக்கில் படிக்க மட்டும். பிசி செட்டப்பில், பிசியின் ஹார்ட் டிஸ்காக (சி டிரைவ்) மேக்கில் உள்ள ஒரு ஃபைலைக் காட்டி, பிசியை இயக்கி, திரையைப் பிசிக்கு மாற்ற கமாண்ட், ரிட்டர்ன் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

திரை கறுப்பாகவே இருந்தால் கேபிளையும் சிம்மையும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். துவக்க வட்டு இல்லை என்று செய்தி வந்தால் சந்தோஷப்படலாம்: கார்டு, நினைவகம், கேபிள் மூன்றும் சரி. சி டிரைவ் ஃபைல் இடம் மாறியிருக்கலாம், காலியாக இருக்கலாம். மறுபடி தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் எம்எஸ்-டாஸ் ஃபிளாப்பியைப் போட்டுத் துவக்கி, புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்.