மாதப் பொதிக்கு விலை போடும்போது: இன்றைக்கு எவ்வளவு வெட்டுப்படும்?

வெள்ளவத்தையில் வீட்டுப் பின்னறையில் இருந்து நான் ஒன்லைனில் விற்பது மூன்றே சாமான்: வறுத்த கறித்தூள், குரக்கன் மா, ஒடியல் மா. மூன்றும் சேர்ந்து மாதம் ஒரு பொதி. போன வருசம் ஒருநாள் காலை ஏழு மணிக்கே கோல்.

"தம்பி, 2,600 எண்டுதானே போட்டிருந்தீங்கள்? பேங்க் மெசேஜில 9,000 வெட்டியிருக்கு எண்டு வருது!"

கணக்கில் பிழை இல்லை. அன்ரி எடுத்தது மூன்று மாதச் சந்தா. ஆனால் என் விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது "மாதம் ரூ. 2,600" மட்டும்தான்; மொத்தம் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி. காசைத் திருப்பி அனுப்பிவிட்டு அன்றிரவே செக்அவுட்டை, அதாவது காசு கட்டுகிற பக்கத்தை, மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது:

மூன்று மாதப் பொதி
சாமான்: 2,600 × 3 = ரூ. 7,800
டெலிவரி: 400 × 3 = ரூ. 1,200
இன்று செலுத்துவது: ரூ. 9,000
அடுத்து வெட்டுப்படுவது: மே 25, ரூ. 9,000. அதற்கு முன் எப்போதும் நிறுத்தலாம்.

கார்ட்டில் இருந்து இன்றைக்குப் போகிற தொகைதான் பக்கத்திலேயே பெரிய இலக்கம். மாதக் கணக்கைக் காட்டலாம், அதைவிடச் சின்னதாக. "தொடர்க" என்றிருந்த பட்டனையும் "ரூ. 9,000 செலுத்து" என்று மாற்றினேன். பயந்து ஓடிவிடுவார்கள் என்று நண்பன் சொன்னான். ஓடுகிறவர் பட்டனிலேயே ஓடட்டும். பிறகு பேங்க்குக்குப் போய் முறையிட்டால் எனக்குத்தான் அலைச்சல்.

மிச்சத்தை ரூபாயில் சொல்லுங்கள். தனித்தனியே வாங்கினால் 1,250, 750, 900, ஆக 2,900. பொதியில் ரூ. 300 மிச்சம். "பத்து வீதக் கழிவு" என்றால் எதில் பத்து வீதம் என்று கேள்வி வரும். அந்த 2,900உம் அதே தளத்தில் நீங்கள் உண்மையாகவே விற்கிற விலையாக இருக்கவேண்டும். வெட்டிக் காட்டுவதற்காக ஏற்றிய விலையைக் கொழும்புச் சனம் உடனே பிடித்துவிடும்.

முதல் மாதம் மலிவு என்றால், இரண்டாம் மாத விலை அதே வரியில், அதே அளவு எழுத்தில். நான் அந்தச் சலுகையையே விட்டுவிட்டேன்.

வற் (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். பதிவு செய்த கடையென்றால் முதல் பக்கத்திலேயே சேர்த்துக் காட்டுங்கள். கடைசிப் படியில் 2,600 திடீரென்று 3,068 ஆனால் யாருக்கும் கோபம் வரும். என்னைப்போலப் பதிவில்லாதவர்கள் வற் என்று ஒரு வரி போடவே கூடாது.

கனடாவில் இருக்கும் மகள் அம்மாவுக்காக எடுப்பதும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரி: "கட்டணம் இலங்கை ரூபாயில். டொலர்க் கணக்கை உங்கள் வங்கி தீர்மானிக்கும்."

புறக்கோட்டையில் செத்தல் மிளகாய் ஏறினாலும், கட்டிய மூன்று மாதத்துக்கு விலையைத் தொடுவதில்லை. அடுத்த தவணைக்கு ஏற்றுவதென்றால் பத்து நாள் முன்னமே வட்ஸ்அப்பில் பழைய விலை, புதிய விலை, நிறுத்தும் லிங்க் மூன்றும் போகும்.

எதை மாற்றினாலும் வெளியிட முதல் அம்மாவின் சின்னப் போனில் திறந்து கொடுப்பேன். கண்ணாடி போடாமல் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு போகும், அடுத்தது எப்போது என்று அவ சொல்லவேண்டும். போன கிழமை திகதியைத் தேடிக் கீழே இழுத்துக்கொண்டே போனா. அந்த வரியைப் பட்டனுக்கு மேலே ஏற்றிவிட்டேன்.